‘எலி’ என்று மட்டும் எழுதினால் போதாது: குள்ளத்தன்மை ஆய்வுச் செய்திகள் குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மரபணு மாற்றப்பட்ட எலிகளின் எலும்பு வளர்ச்சிக் குறைபாட்டை ஒரு மருந்து சரிசெய்தது பற்றித் தங்கள் நாளிதழின் அறிவியல் பகுதியில் சென்ற வாரம் வெளியான செய்தியை நான் படித்து முடிப்பதற்குள், உறவினர் மூவர் அதே பக்கத்தைப் படமெடுத்து என் கைபேசிக்கு அனுப்பியிருந்தார்கள். என் மகள் அகான்ட்ரோபிளேசியா என்னும் பிறவி எலும்பு வளர்ச்சி நிலையோடு பிறந்தவள். அவளுடைய உயரம் 122 சென்டிமீட்டர். ‘குள்ளத்தன்மைக்கு முடிவு’ என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருந்த தலைப்பைப் பார்த்தவர்களுக்கு அவள் நினைவு வந்தது இயல்பே, அவர்கள் அன்பினால்தான் அதை அனுப்பினார்கள். என் கொழுந்தனார், அந்த மருந்தை வரவழைக்க எவ்வளவு ஆனாலும் தான் தருவதாக எழுதியிருந்தார். என் மகள் 1996இல் பிறந்தவள். அவளுடைய எலும்புகள் வளர்வதை நிறுத்திப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்த மருந்தால் அவள் ஓர் அங்குலம்கூட வளர மாட்டாள் என்பதைக் கொழுந்தனாருக்கு நான் விளக்க வேண்டியிருந்தது. அதை அச்செய்தியே ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

செய்தியில் பொய்யாக எதுவும் இல்லை. ஆனால் எந்த மரபணு மாற்றப்பட்டது, அந்த மாற்றம் மனிதரில் காணப்படும் எந்த வகைக் குள்ளத்தன்மையை ஒத்தது, மருந்து கொடுக்கப்பட்ட விலங்கு குட்டியா வளர்ந்ததா, அந்த விலங்கின் எலும்பு நம் எலும்பிலிருந்து எவ்வகையில் வேறுபடுகிறது என்பவை பற்றி ஒரு சொல்லும் இல்லை. 30 ஆண்டுகளுக்கு மேல் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் கற்பித்தவள் என்ற முறையிலும், இந்த ஆய்வுகளின் முடிவுகளை என் வீட்டுக்குள்ளேயே வைத்துப் பார்த்தவள் என்ற முறையிலும், அந்த விடுபட்ட பகுதியைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். கடிதம் நீண்டுவிட்டதைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

முதலில் ஒரு சொல் பற்றி. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை நடப்பது சுண்டெலியில். பெரிய எலியில் அன்று. நம் நாளிதழ்கள் இரண்டையும் ‘எலி’ என்றே எழுதுகின்றன. இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். 1982இல் அமெரிக்க ஆய்வாளர்களான பால்மிட்டர், பிரின்ஸ்டர் ஆகியோரின் குழு பெரிய எலியின் வளர்ச்சி ஹார்மோன் மரபணுவைச் சுண்டெலியின் கருவுற்ற முட்டைக்குள் செலுத்தி, அவ்வாறு பிறந்த குட்டிகளுள் சில தம் உடன்பிறப்புகளைவிட ஏறத்தாழ இருமடங்கு எடைக்கு வளர்ந்ததைக் காட்டியது. மரபணுவால் உடலின் அளவையே மாற்ற முடியும் என்று உலகம் கண்கூடாகப் பார்த்த நிகழ்ச்சி அது. இதைத் தமிழில் ‘எலியின் மரபணுவை எலிக்குள் வைத்தார்கள்’ என்று எழுதினால் என்ன நடந்தது என்றே யாருக்கும் புரியாது. சுண்டெலி என்ற அழகான, ஐயத்துக்கு இடமில்லாத சொல் நம்மிடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்துவதற்கு அரை வரிகூடக் கூடுதலாகத் தேவைப்படாது.

இனி எலும்பு. கை கால்களின் நீண்ட எலும்புகள் நுனிக்கு அருகிலுள்ள வளர்ச்சித் தட்டு என்னும் மெல்லிய குருத்தெலும்புப் படலத்தில்தான் நீள்கின்றன. அந்தத் தட்டுக்குள் குருத்தெலும்புச் செல்கள் பிரிந்து பெருகி, ஒன்றன் மேல் ஒன்றாகத் தட்டையாக அடுக்கப்படுகின்றன. என் மாணவர்களுக்கு இதை அப்பள அடுக்கு என்று சொல்வேன். அடுக்கின் ஒரு முனையில் இருக்கும் செல்கள் பிரிவதை நிறுத்தி, எண்ணெயில் விழுந்த அப்பளம் போலப் பல மடங்கு உப்புகின்றன, தம்மைச் சுற்றி மேலும் குருத்துப் பொருளைச் சுரக்கின்றன, பிறகு அந்த இடத்தை எலும்பு வந்து எடுத்துக்கொள்கிறது. எலும்பு நீள்வதில் பெரும்பங்கு இந்த உப்புதலால்தான் கிடைக்கிறது. பிறந்தது முதல் பருவ வயது முடியும் வரை நடக்கும் இந்த வேலை எவ்வளவு விரைவாக நடக்க வேண்டும், எப்போது தணிய வேண்டும் என்பதைப் பல மரபணுக்கள் சேர்ந்து முடிவு செய்கின்றன. அவற்றுள் ஒன்றில் பிழை நேர்ந்தால் எலும்பு குட்டையாகலாம், வளையலாம், சில வேளை அளவுக்கு மீறி நீளவும் செய்யலாம். 2023இல் வெளியான பன்னாட்டு வகைப்பாட்டில் மரபுவழி எலும்புக் குறைபாடுகள் 771 இடம்பெற்றுள்ளன. அவற்றோடு தொடர்புள்ளவையாக 552 மரபணுக்கள் குறிக்கப்பட்டுள்ளன. ‘குள்ளத்தன்மைக்கு முடிவு’ என்ற தலைப்பு இந்த 771இல் எதைக் குறிக்கிறது?

என் மகளுடைய நிலையான அகான்ட்ரோபிளேசியாவே கை கால்கள் குட்டையாக அமையும் குள்ளத்தன்மையில் அதிகமாகக் காணப்படுவது. ஏறத்தாழ 25,000 பிறப்புகளில் ஒன்று என்று பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. 1878இல் பிரெஞ்சு மருத்துவர் பாரோ சூட்டிய அந்தப் பெயருக்குக் ‘குருத்தெலும்பு உருவாகாமை’ என்று பொருள். பெயரே தவறு, இவர்களுக்குக் குருத்தெலும்பு நன்றாகவே உருவாகிறது, அது எலும்பாக நீள்வதில்தான் தாமதம். 1994இல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் இரு குழுக்கள் தனித்தனியே இதன் காரணத்தைக் கண்டறிந்தன. நான்காம் குரோமோசோமில் உள்ள எஃப்ஜிஎஃப்ஆர்3 என்ற மரபணு உருவாக்கும் ஏற்பிப் புரதத்தில், அதாவது வெளியிலிருந்து வரும் செய்தியைச் செல்லுக்காக ஏற்கும் புரதத்தில், 380ஆம் இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் ஆர்ஜினின் என்ற வேறொரு அமினோ அமிலம் இருக்கிறது. ஏறக்குறைய எல்லா நோயாளிகளிடமும் இதே ஒற்றை மாற்றம்தான். இவ்வளவு ஒரே சீராக ஓர் எழுத்துப் பிழை திரும்பத் திரும்ப நிகழ்வது மரபியலில் அரிது.

பிழை எங்கே என்று தெரிந்துவிட்டது. ஆனால் அந்தப் பிழை என்ன செய்கிறது என்பது தெரியவில்லை. எஃப்ஜிஎஃப்ஆர்3 என்ற ஏற்பியின் முழுப் பெயரிலேயே ‘வளர்ச்சிக் காரணி’ (குரோத் ஃபாக்டர்) என்று இருப்பதால், அது வளர்ச்சியைத் தூண்டும் பொருள் என்றும், பிழையினால் அது செயலிழந்துவிட்டது, அதனால்தான் எலும்பு வளரவில்லை என்றும் எண்ணுவதே எளிது. இங்கேதான் மரபணு மாற்றிய சுண்டெலி வருகிறது. 1996இல், அதாவது என் மகள் பிறந்த அதே ஆண்டில், ஹார்வர்டில் பிலிப் லெடரின் ஆய்வகமும் செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஆர்னிட்ஸின் ஆய்வகமும் அந்த மரபணுவையே அடியோடு நீக்கிய சுண்டெலிகளை உருவாக்கி முடிவுகளை வெளியிட்டன. மரபணு இல்லாத சுண்டெலி குட்டையாக இருக்க வேண்டும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அவற்றின் கால் எலும்புகளோ இயல்பைவிட நீண்டிருந்தன. வளர்ச்சித் தட்டில் செல்கள் பெருகும் பகுதியும் உப்பும் பகுதியும் அகன்றிருந்தன, முதுகெலும்பு கூனியிருந்தது, வால் கோணியிருந்தது, உட்செவி சரியாக அமையாததால் அவற்றுக்குக் காது கேட்கவில்லை.

ஆக, எஃப்ஜிஎஃப்ஆர்3 என்பது எலும்பு வளர்ச்சிக்குப் போடப்பட்ட கடிவாளம். கடிவாளம் இல்லாவிட்டால் எலும்பு கட்டுமீறி ஓடுகிறது. அகான்ட்ரோபிளேசியாவில் அந்தக் கடிவாளம் அறுந்து போகவில்லை. எந்நேரமும் இழுத்துப் பிடிக்கப்பட்டிருக்கிறது. குறைவினால் வந்த குறைபாடு அன்று இது, மிகுதியினால் வந்தது. பத்து ஆண்டுகளுக்குப் பின், 2006இல், இதே ஏற்பி செயல்குன்றிய மனிதர்கள் ஒரு குடும்பத்தில் இருப்பது கண்டறியப்பட்டது. அவர்கள் நெட்டையானவர்கள், விரல்கள் மடங்கியவர்கள், காது கேளாதவர்கள். சுண்டெலி முன்கூட்டியே சொன்னதை மனித உடல் அப்படியே மெய்ப்பித்தது. உயிரியல் வகுப்புகளில் நான் சொல்லி மகிழ்ந்த சான்றுகளில் இதற்கு ஈடானது வேறில்லை.

நீக்கிப் பார்த்த பின், அதே மாற்றத்தை வைத்துப் பார்ப்பது அடுத்த படி. 1998இல் ஆர்னிட்ஸ் குழுவினர் பிழையுள்ள ஏற்பியைக் குருத்தெலும்பில் மட்டும் இயங்கும்படி சுண்டெலியில் அமைத்தார்கள். 1999இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தினர் சுண்டெலியின் சொந்த மரபணு இருக்கும் இடத்திலேயே அந்த மாற்றத்தைப் புகுத்தினார்கள். அவ்வாறு பிறந்த சுண்டெலிகள் சிறிய உடலும் குட்டை வாலும் பெரிய, கவிகை போல் எழுந்த தலையுமாக இருந்தன. அவற்றின் படத்தை முதன்முதலாக ஒரு கல்லூரி நூலகத்தில் பார்த்தபோது நான் நெடுநேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை; முன் துருத்திய அந்த நெற்றியை நான் தினமும் வாரிவிட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த விலங்குகளுக்காகவும் ஒரு சொல். முகவெலும்பு குட்டையாக அமைந்த சுண்டெலிகளில் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் பொருந்துவதில்லை. கொறிவிலங்குகளின் வெட்டுப்பல் வாழ்நாள் முழுதும் வளர்வதால், தேயாத பல் நீண்டு, அவற்றால் கடினமான தீவனத்தைக் கொறிக்க முடியாமல் போகிறது. பொறுப்புள்ள ஆய்வகங்களில் பல்லை நறுக்கிவிட்டு, குழைத்த உணவைக் கூண்டின் தரையில் வைப்பார்கள். அவை நமக்காகக் குட்டையாகப் பிறந்தவை. அவற்றின் பெயரால் ஒரு செய்தி வெளியாகும்போது, அவை எதைக் காட்டினவோ அதைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்வது அவற்றுக்கு நாம் செலுத்த வேண்டிய மரியாதை என்று கருதுகிறேன்.

இந்த ஆய்வு என் வீட்டில் என்ன செய்தது என்பதைச் சொல்லாமல் நகர முடியவில்லை. மகள் பிறந்தபோது மருத்துவர் ‘எலும்பு வளர்ச்சி கொஞ்சம் குறைவு’ என்று மட்டும் சொன்னார். நிலையின் பெயர் எங்களுக்குத் தெரிய மூன்று ஆண்டுகள் ஆயின. அதுவரை விளக்கம் சொன்னவர்கள் உறவினர்கள். கிரகண நேரத்தில் வெளியே வந்தாயா, அரிவாள்மனையைத் தொட்டாயா, மாசமாக இருக்கும்போது பள்ளிக்கூடத்தில் தவளையையும் கரப்பான்பூச்சியையும் அறுத்தாயே என்று என் மாமியார் கேட்ட கேள்விகளுக்கு, அறிவியல் ஆசிரியையாகிய என்னிடம் பதில் இருக்கவில்லை. உள்ளூர, அறுத்த உயிர்களைப் பதப்படுத்தும் ஃபார்மலின் வாடையைத்தான் நானும் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

உண்மை வேறு. இந்நிலையோடு பிறப்பவர்களில் 100க்கு 80 பேருக்கு இயல்பான உயரமுள்ள பெற்றோர்களே இருக்கிறார்கள். மரபணு மாற்றம் அந்தக் குழந்தையில்தான் முதன்முதலாகத் தோன்றுகிறது. அவ்வாறு புதிதாகத் தோன்றியவற்றை ஆராய்ந்தபோது, மாற்றம் தந்தையின் விந்தணுவில் இருந்து வந்தது என்று கண்டார்கள். தந்தையின் வயது கூடக்கூட இதற்கான வாய்ப்பும் சற்றே கூடுகிறது. இதைச் சொல்வது பழியை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றுவதற்காக அன்று. கோடிக்கணக்கான முறை செல்கள் பிரியும் ஓர் உடலில் ஓர் எழுத்து மாறி விழுவதற்கு யாரும் பொறுப்பாளி இல்லை, என் கணவரும் இல்லை. ஆனால் கிரகணமும் அரிவாள்மனையும் தவளையும் காரணம் இல்லை என்பதை, கருவுற்ற காலம் முழுதும் தான் செய்த ஒவ்வொன்றையும் இரவில் விழித்துக் கிடந்து எண்ணிப் பார்க்கும் ஒவ்வொரு தாயும் அறிந்திருக்க வேண்டும். இந்தத் தகவலை ஒரு தமிழ் நாளிதழில் நான் இதுவரை பார்த்ததில்லை.

இன்னொன்றும் நேர்ந்தது. உயரத்தைக் கூட்டும் என்று விற்கப்பட்ட பவுடர்களையும் லேகியத்தையும் நான்கு ஆண்டுகள் அவளுக்குக் கொடுத்தோம். கதவு நிலையில் கம்பி பொருத்தி, நாள்தோறும் அதில் அவளைத் தொங்கவிட்டோம். அகான்ட்ரோபிளேசியா உள்ள குழந்தைகளுக்கு மண்டையோட்டின் அடியில் தண்டுவடம் இறங்கும் துளையும், முதுகெலும்புக்குள் தண்டுவடம் செல்லும் கால்வாயும் குறுகலாக இருக்கும்; கைக்குழந்தைப் பருவத்தில் தூக்கத்தில் மூச்சு தடைப்படும் ஆபத்தும், வளர்ந்த பின் கால் மரத்துப்போகும் ஆபத்தும் உண்டு. மருத்துவர்கள் கண்காணிக்க வேண்டியவை அவை. நாங்களோ சத்துக் குறைவு என்று நினைத்துச் சத்தை ஊட்டிக்கொண்டிருந்தோம். கடிவாளத்தை இழுத்துப் பிடித்திருக்கும் குதிரைக்கு எவ்வளவு கொள்ளு வைத்தாலும் அது ஓடாது. கடிவாளம்தான் காரணம் என்பதை அந்த நீண்ட கால் சுண்டெலிகள் அதற்குள் காட்டிவிட்டிருந்தன; எங்களுக்குச் சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

மருந்தின் கதைக்கு வருகிறேன், ஏனெனில் தங்கள் செய்தி அதைப் பற்றியதுதான். 1990இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பன்றியின் மூளையிலிருந்து சிஎன்பி என்ற சிறு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். எலும்புக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாக அப்போது யாரும் கருதவில்லை. 2001இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தினர் அதற்கான மரபணுவை நீக்கிய சுண்டெலிகளை உருவாக்கியபோது, அவை குட்டைக் கால்களோடு கடும் குள்ளமாக வளர்ந்தன; பல இளமையிலேயே இறந்தன. குருத்தெலும்பில் மட்டும் சிஎன்பி சுரக்குமாறு செய்தபோது வளர்ச்சி மீண்டது. அதாவது அந்தப் புரதம் தன் வேலையை வளர்ச்சித் தட்டுக்குள்ளேயே செய்கிறது. 2004இல் அதே குழு, அகான்ட்ரோபிளேசியா மாற்றமுள்ள சுண்டெலியையும் குருத்தெலும்பில் சிஎன்பி மிகுதியாகச் சுரக்கும் சுண்டெலியையும் கலந்து இனப்பெருக்கம் செய்தபோது, இரண்டு மாற்றங்களையும் பெற்ற குட்டிகளின் எலும்புகள் நன்கு நீண்டன. கடிவாளத்தை இழுக்கும் செய்தி செல்லுக்குள் எந்த வழியாகப் போகிறதோ, அதே வழியை சிஎன்பி இடையில் மறிக்கிறது என்பதும் தெரிந்தது. சிஎன்பியை உணரும் ஏற்பிக்கான மரபணுவின் இரு பிரதிகளிலும் பிழையுள்ளவர்களுக்கு மற்றொரு வகைக் குள்ளத்தன்மை ஏற்படுவதை மனிதரில் கண்டறிந்ததும் அதே 2004இல்தான்.

சிஎன்பியை அப்படியே ஊசியாகப் போட முடியாது. இரத்தத்தில் இரண்டு மூன்று நிமிடங்களிலேயே அதில் பாதி சிதைந்துவிடும். அதைச் சற்று மாற்றி, எளிதில் சிதையாதவாறு அமைத்த வடிவமே வோசோரிடைட். அது சுண்டெலிகளில் பயன் தந்ததை விவரிக்கும் கட்டுரை 2012இல் வெளிவந்தது. பிறகு ஏழு நாடுகளில் 5 முதல் 18 வயதுக்குட்பட்ட 121 பிள்ளைகளிடம் மூன்றாம் கட்டச் சோதனை நடந்தது. அந்த ஏழில் இந்தியா இல்லை. ஓராண்டு முழுதும் நாள்தோறும் ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகள், மருந்தில்லாத வெறும் ஊசி போட்டுக்கொண்டவர்களைவிட ஆண்டுக்கு 1.57 சென்டிமீட்டர் கூடுதலாக வளர்ந்தார்கள் என்று 2020இல் முடிவு வெளியானது. 2021 ஆகஸ்டில் ஐரோப்பாவிலும் நவம்பரில் அமெரிக்காவிலும் அம்மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது.

1.57 சென்டிமீட்டர் என்பது ஒரு கட்டைவிரல் நகத்தின் அகலம். நான் இதைச் சிறிது என்று சொல்லவில்லை. ஆண்டுதோறும் நான்கு சென்டிமீட்டர் அளவில் வளரும் குழந்தைக்கு அது பெரிய வேறுபாடுதான், அது பல ஆண்டுகள் தொடருமானால் இன்னும் பெரிது. ஆனால் அதைப் பெற, குழந்தை ஒவ்வொரு நாளும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். வளர்ச்சித் தட்டு திறந்திருக்கும் காலம் வரையில்தான் பயன். தட்டு மூடிய பின் மருந்துக்கு அங்கே வேலையே இல்லை. ‘குள்ளத்தன்மைக்கு முடிவு’ என்ற சொற்களையும் ஒரு நகத்தின் அகலத்தையும் அருகருகே வைத்துப் பார்க்குமாறு தங்களை வேண்டுகிறேன்.

சுண்டெலியில் கிடைத்த முடிவு மனிதருக்கு அப்படியே பொருந்தாது என்று பொதுவாகச் சொல்வது எளிது. ஏன் பொருந்தாது என்று சொல்வதே பயன் தரும். சுண்டெலி மூன்று வாரங்களில் பிறந்து, ஏழெட்டு வாரங்களில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடுகிறது. அதன் எலும்பு நீளும் காலம் சில வாரங்கள். மனிதக் குழந்தைக்கோ 15 ஆண்டுகளுக்கு மேல். மூன்று வாரம் கொடுத்த மருந்தின் பக்கவிளைவும் பத்தாண்டு கொடுத்த மருந்தின் பக்கவிளைவும் ஒன்றாகாது. அதைவிட முக்கியமாக, பருவ வயது முடியும்போது மனிதரின் வளர்ச்சித் தட்டு எலும்பாக மாறி மறைந்துவிடுகிறது. சுண்டெலியில் அது முழுமையாக மூடுவதில்லை, வேகம் குறைந்து அப்படியே இருந்துவிடுகிறது. ஆகவே ‘வளர்ந்த எலியும் நீண்டது’ என்று ஒரு செய்தி வருமானால், அதைப் படிக்கும் 30 வயது மனிதர் அதில் தமக்கான நம்பிக்கையைத் தேடக் கூடாது என்பதை அச்செய்தியே சொல்லியாக வேண்டும். பிழையுள்ள ஏற்பியை நோக்கிச் செல்லும் வளர்ச்சிக் காரணியை வழியிலேயே பிடித்துக்கொள்ளும் வகையில் உருவாக்கப்பட்ட ஒரு புரதம், 2013இல் சுண்டெலிகளில் மிக நல்ல பலன் தந்தது. அதே வழியில் அமைந்த மருந்து குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டபோது எதிர்பார்த்த பலன் தராததால் கைவிடப்பட்டது. சுண்டெலியின் வெற்றியைக் கொட்டை எழுத்தில் போடும் இதழ்கள், பின்னர் வரும் இத்தகைய கைவிடலை ஒரு மூலையில்கூடப் போடுவதில்லை.

வகைகளைக் குழப்புவதும் அடிக்கடி நேர்கிறது. 1929இல் அமெரிக்க மரபியலாளர் ஜார்ஜ் ஸ்னெல் விவரித்த குள்ளச் சுண்டெலியும், ஏம்ஸ் குள்ளச் சுண்டெலியும் இயற்கையாகத் தோன்றிய மரபணு மாற்றத்தால் குள்ளமானவை. அவற்றில் குறை எலும்பில் இல்லை, பிட்யூட்டரிச் சுரப்பியில் இருக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் சுரக்காததால் உடல் முழுவதும் ஒரே விகிதத்தில் சிறுத்திருக்கும். ஏம்ஸ் சுண்டெலிகள் தம் இயல்பான உடன்பிறப்புகளைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நாள் வாழ்கின்றன. இதை வைத்துக் ‘குள்ளமானவர்கள் நீண்ட ஆயுள் பெறுவார்கள்’ என்று சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வார இதழ் எழுதியது. அந்தச் சுண்டெலிக்கும் என் மகளுக்கும் உள்ள ஒற்றுமை உயரக் குறைவு ஒன்றே. காரணம், உடலமைப்பு, மருத்துவத் தேவை எல்லாமே வேறு. மறுபுறம், 1997இல் ஜப்பானில் ரன்எக்ஸ்2 என்ற மரபணுவை நீக்கிய சுண்டெலிகள் முழுக்க முழுக்கக் குருத்தெலும்பாலான எலும்புக்கூட்டோடு பிறந்து, மூச்சுவிட முடியாமல் உடனே இறந்தன. அந்த மரபணுவின் ஒரு பிரதியில் மட்டும் பிழையுள்ள மனிதர்களுக்குத் கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலுள்ள காறை எலும்பு சரியாக அமைவதில்லை. எலும்புக் குறைபாட்டுச் சுண்டெலி என்ற ஒரே தலைப்பில் இவை எல்லாம் அடங்கும். ஆனால் ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு மருந்து ஆகாது.

மற்றொரு கருத்தையும் இங்கே பதிவு செய்ய வேண்டும், அது என் மகளுடையது. உயரம் குறைந்தவர்களைச் ‘சரிசெய்யும்’ ஆய்வுகள் பற்றிய மகிழ்ச்சிச் செய்திகளைப் படிக்கும்போது, தான் ஒரு பழுது என்று யாரோ தீர்ப்புச் சொல்வது போலத் தனக்குத் தோன்றுவதாக அவள் சொல்கிறாள். அவளுக்குத் தேவையானவற்றைக் கேட்டால் பேருந்துப் படியின் உயரம், வங்கியில் காசாளர் முகம் தெரியாத கவுன்டர், கை எட்டாத ஏடிஎம் பொத்தான், அலுவலகத்தில் கால் தொங்காமல் உட்கார ஒரு நாற்காலி என்றுதான் அடுக்குகிறாள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குள்ளத்தன்மையைத் தனி வகையாகச் சேர்த்து, வளர்ந்தவரின் உயரம் 147 சென்டிமீட்டரோ அதற்குக் குறைவோ இருந்தால் என்று அதை வரையறுத்திருப்பது பலருக்கும் தெரியாது. சுண்டெலிச் செய்தி வெளியாகும் நாளில் அதையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடலாமே என்று கேட்டவள் அவள்தான். அவள் சொல்வதை நான் ஏற்கிறேன். அதே நேரத்தில், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்த அந்தக் கைக்குழந்தையின் நெஞ்சில் கை வைத்தபடி எத்தனையோ இரவுகள் விழித்திருந்தவள் என்பதால், மண்டையோட்டுத் துளையின் குறுகலைத் தணிக்கும் ஒரு மருந்து எந்தச் சுண்டெலியிடமிருந்து வந்தாலும் அதை நான் வரவேற்பேன். உயரத்தைக் கூட்டுவதும் உயிருக்கான ஆபத்தைக் குறைப்பதும் வெவ்வேறு கேள்விகள். இரண்டாவது கேள்விக்கு அந்த மருந்து எந்த அளவுக்கு விடை தருகிறது என்பதைத்தான் செய்தியாளர் ஆய்வாளரிடம் முதலில் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தங்கள் அறிவியல் பகுதியைத் தொடங்கிய நாள் முதல் நான் அதன் வாசகி. அதில் வந்த எத்தனையோ கட்டுரைகளை வெட்டி வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அந்த உரிமையில் கேட்கிறேன்: சென்ற வாரச் செய்திக்கு ஒரு விளக்கக் குறிப்பை அதே பக்கத்தில் வெளியிடுங்கள். அந்தச் சுண்டெலியில் மாற்றப்பட்ட மரபணு எது, அது மனிதரின் எந்த நிலையோடு தொடர்புடையது, மருந்து எந்த வயதுக் குட்டிக்கு எத்தனை நாள் கொடுக்கப்பட்டது, வளர்ச்சித் தட்டு மூடிய பெரியவர்களுக்கு அது பயன் தருமா என்பனவற்றை ஆய்வுக் கட்டுரையைப் பார்த்தே எழுதிவிடலாம்; பத்து வரிகளில் அடங்கிவிடும். இந்நிலையோடு பிறந்த குழந்தையின் பெற்றோர் முதலில் அணுக வேண்டியது குழந்தைகள் நல மருத்துவரையும் மரபியல் ஆலோசகரையும்தான், உயரப் பவுடர் விற்பவரை அன்று என்பதற்கு ஒரு வரியும், தாயின் செயல் எதுவும் இதற்குக் காரணம் இல்லை என்பதற்கு ஒரு வரியும் சேர்த்துத் தந்தால், இன்று எங்கோ ஒரு வீட்டில் கிரகணத்தைப் பற்றிக் கேள்வி கேட்கப்படும் ஒரு பெண் அதை வெட்டி எடுத்து வைத்துக்கொள்வாள். என் மாமியார் இப்போது இல்லை. இருந்திருந்தால் அவர் தங்கள் நாளிதழைத்தான் நம்பியிருப்பார், என்னை அன்று.

மகளின் தனியுரிமையைக் கருதி என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டையும் தனித்தாளில் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை ஒருவர்